ஏரியின் அடிமண்ணைக் கேமராவில் பார்த்து வகைப்படுத்துவது எப்படி?

ஏரியின் அடியில் இருப்பது மணலா, சேறா, அதில் என்ன உயிர்கள் குடியிருக்கின்றன என்பதைக் கயிற்றில் கட்டி இறக்கிய கேமராவை வைத்தே பெருமளவு சொல்லிவிடலாம். படகு ஓட்டுவது, ஜி.பி.எஸ்ஸில் இடம் குறிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தண்ணீர். 20 செ.மீ. அகலமுள்ள கறுப்பு வெள்ளை செக்கி தட்டை (தண்ணீரின் தெளிவை அளக்கும் தட்டு) இறக்குங்கள். அரை மீட்டருக்குள் மறைந்துவிட்டால் கலங்கல் தெளியும்வரை காத்திருங்கள்.

படி 2: சட்டகம். கேமரா நேர்கீழே பார்க்கட்டும். விளக்குகளை லென்ஸை விட்டு விலக்கி, பக்கவாட்டில் சாய்த்துக் கட்டுங்கள். ஒட்டி வைத்தால் மிதக்கும் தூசியெல்லாம் மின்னிப் படத்தை மறைத்துவிடும். சாதாரண ஆக்‌ஷன் கேமராவே போதும். மிச்சப்படும் பணத்தை நல்ல விளக்குக்கும், மேலிருந்தே படம் பார்க்க உதவும் கேபிளுக்கும் போடுங்கள்.

படி 3: இறக்குவது. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் நாள் சட்டகம் தரையில் உட்காரும்வரை கயிற்றை விட்டேன். எல்லாப் படத்திலும் பழுப்புப் புகை. 0.063 மி.மீ.க்கும் சிறிய வண்டல் துகள் கிளம்பினால் லேசில் அடங்காது. இப்போது வீடியோவை ஓடவிட்டு, கடைசி ஒரு மீட்டரைச் சாண் சாணாக இறக்குகிறேன். தரை தெளிவாகத் தெரிந்ததும் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிடுவேன். தொடுவதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில்தான் நல்ல படம் கிடைக்கும். தெரியாமல் தொட்டுவிட்டால் அங்கேயே காத்திருக்காமல் சில மீட்டர் தள்ளிப் போய் மறுபடி இறக்குங்கள்.

படி 4: அளவு. காற்றில் அளவுகோலைப் படம் எடுத்து அளவு குறிக்காதீர்கள். தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, ஒளிவிலகலால் நீருக்குள் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். தொட்டித் தண்ணீருக்குள் கோலை வைத்துப் படமெடுங்கள்.

*பின்சேர்க்கை:* தரையைத் தொடாமல் தொங்கும் கேமராவின் உயரம் மாறிக்கொண்டே இருக்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு லேசர்களை இணையாகப் பொருத்துங்கள். எந்த உயரத்திலும் புள்ளிகள் 10 செ.மீ. தள்ளியே விழும். பச்சை லேசராக வாங்குங்கள், சிவப்பைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும்.

படி 5: படத்தை வாசிப்பது. மணல் எவ்வளவு, சேறு எவ்வளவு என்ற சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நாலு வெள்ளைச் சிப்பி கிடந்தால் கண் அங்கேயே போய்விடும். இமேஜ்ஜே (ImageJ) என்ற படம் அளக்கும் மென்பொருள் இலவசம். படத்தின் மேல் 50 புள்ளிகளைத் தூவி, ஒவ்வொன்றின் கீழும் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். 2 மி.மீ.க்கு மேல் சரளை, அதற்குக் கீழ் 0.063 மி.மீ. வரை மணல். களியையும் வண்டலையும் படத்தில் பிரிக்க முடியாது, இரண்டையும் 'சேறு' என்றே எழுதுங்கள். அப்புறம், சேற்றின் மேல் நூல்போல் நிற்கும் சிறு குழல்களைத் தவறவிடாதீர்கள். அவை பெரும்பாலும் ரத்தப்புழுக்களின் (கொசு போன்ற ஒருவகைப் பூச்சியின் சிவப்பு இளம்புழுக்கள்) வீடுகள்.

படி 6: மண் அள்ளுவது. பத்து இடத்துக்கு ஒன்றிலாவது எக்மன் அள்ளியை (அடிமண்ணைக் கவ்வி எடுக்கும் பெட்டி) இறக்கிச் சரிபாருங்கள். படத்தில் அழகான மணலாகத் தெரிந்த ஓரிடத்தில் அள்ளியபோது, மேலே ஒரு விரல்கடை மணல், அடியில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கருஞ்சேறு. அன்றிலிருந்து என் அட்டவணையில் 'சேற்றின் மேல் மணல்' என்று தனி வகையே வைத்திருக்கிறேன்.