காரீயம் போன பாதையைக் கணக்குப் போடுவது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 22 வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டினேன். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஈய வணிகம் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும் தாத்தா என்று பேத்தி வந்து நின்றாள். தேதியை மனப்பாடம் பண்ணாதே, பாரத்தைக் கணக்குப் போடு என்றேன். அவளுக்குச் சொன்ன வழி இது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் பேராக்கில் ஈயம் என்றால் ஈப்போ, கம்பார் பக்கம் எடுத்த வெள்ளீயம். டெர்பிஷயரிலும் வட பென்னைன் மலைகளிலும் தோண்டியது காரீயம். வீச்சு வலை ஓரத்தில் கோத்திருக்குமே, அந்தக் குண்டு. ஒன்றை உள்ளங்கையில் வையுங்கள். சுண்டுவிரல் நுனி அளவுதான், ஆனால் கையை இழுக்கும். தண்ணீரைவிட 11 மடங்கு கனம்.

அப்புறம் அளவு. உருக்கிய காரீயத்தை ‘ஃபோதர்’ கணக்கில் விற்றார்கள். லண்டன் ஃபோதர் பத்தொன்பதரை ஹண்ட்ரட்வெயிட் (பழைய இங்கிலாந்து எடை அளவு), சுமார் 990 கிலோ. நியூகாசலில் 21, சுமார் 1,067 கிலோ. எந்த ஊர்க் கணக்கு என்று பார்க்காமல் கூட்டினால் விடை தப்பாகிவிடும்.

பொதிக்குதிரை ஒன்று சுமார் 100 கிலோ சுமக்கும். ஐந்து செம்பனைக் குலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு ஃபோதருக்குப் பத்துக் குதிரை. 100 கிலோ காரீயம் ஒன்பது லிட்டர் இடம்கூட அடைக்காது. ஆனால் சேற்றுப் பாதைக்குக் கனம்தான் கணக்கு. வட பென்னைன் பக்கம் தாது சுமந்த குதிரைகளுக்கு வாய்க்கூடை கட்டினார்கள். பாதையோரப் புல்லெல்லாம் காரீயத்தூசி, மேய்ந்தால் விஷம். பச்சைப் புல்லுக்கு நடுவே வாய் கட்டிய நிலையில் நடந்த பிராணிகள். இதைக் கட்டுரையில் விட்டுவிடாதே என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சரி, இனி வரைபடத்தை விரியுங்கள். படகு போகும் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். டெர்பிஷயர் காரீயம் பாட்ரி ஊர் வரை தரைவழி. அங்கே ஐடில் ஆற்றில் படகு, பிறகு ட்ரென்ட் ஆறு, ஹல் துறைமுகம், அங்கிருந்து கடல்வழியாக லண்டனும் ஆலந்தும். 1777-இல் செஸ்டர்ஃபீல்டு கால்வாய் ட்ரென்ட் வரை திறந்தது, சுமார் 74 கிலோமீட்டர். கரையில் நடக்கும் ஒரே குதிரை 20 டன் படகை இழுக்கும். 200 குதிரைகளின் பொதி அது! பாட்ரிக்குப் போன சரக்கு கால்வாய்க்குத் திரும்பியது.

1777-க்கு முன் ஒரு கோடு, பின் ஒரு கோடு போடுங்கள். குதிரை முதுகில் போன தூரத்தை மட்டும் நூல் வைத்து அளங்கள். பேத்தி என் வலை நூலை எடுத்து அளந்தாள். இரண்டு துண்டையும் கட்டுரைத் தாளிலேயே ஒட்டிவிட்டாள்.