'வில்' என்று சொல்வதற்கு முன்: செவிலியருக்கான ஆங்கில எதிர்காலம்

இங்கிலாந்தில் பணிபுரிய ஆயத்தமாகும் நம் செவிலியர்கள், ஆங்கிலத்தில் எதிர்காலத்தைச் சொல்ல 'வில்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. 'டாக்டர் வருவார்' என்னும்போது, நாளை வரப்போவதும் நாள்தோறும் வரும் வழக்கமும் ஒரே வினைமுற்றில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துச் சொல்லும். வழக்கத்தைக் குறிக்க, 'த டாக்டர் கம்ஸ் எவ்ரி மார்னிங்' என்று நிகழ்காலமே போதும்.

கையில் கருவியுடன் படுக்கையருகே நிற்கும்போது, செய்யவிருப்பது முன்பே முடிவானது என்பதால் 'கோயிங் டு' பொருந்தும். 'ஐ ஆம் கோயிங் டு செக் யுவர் பிளட் பிரஷர்' என்று சொல்லி, 'இஸ் தட் ஆல் ரைட்?' என்று கேட்டு, பதில் வந்த பிறகே கையைத் தொடுங்கள். இந்தக் கேள்வி வெறும் மரியாதைக்காக அன்று. நோயாளியின் சம்மதத்தைப் பெறும் வழி அது.

நோயாளி குளிர்கிறது என்கிறார், நீங்கள் அந்தக் கணத்தில் முடிவெடுக்கிறீர்கள்: 'ஐல் கெட் யூ அ பிளாங்கெட்.' 'ஐல்' என்பது 'ஐ வில்' என்பதன் சுருக்கம். 'வில்' தன் முழு உரிமையோடு அமர்வது இங்கேதான். ஆனால் அது வாக்குறுதியாகவும் ஒலிக்கும் என்பதால், போர்வை கிடைக்குமா என்று தெரியாதபோது 'ஐல் சீ இஃப் ஐ கேன் ஃபைண்ட் ஒன்' என்பதே நேர்மை. 'போயிட்டு வர்றேன்' என்பதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று பெயர்த்துவிட்டு நகர்வோரும் உண்டு. 'ஐல் பி பேக் இன் டென் மினிட்ஸ்' என்றால் போதும், பத்து நிமிடத்தில் திரும்பவும் வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வலியைப் பற்றிப் பேசும்போது. ஊசி போடுமுன் 'வலிக்காதும்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று தேற்றுவது நம் வார்டுகளின் பழக்கம். அதையே 'இட் வில் நாட் ஹர்ட்' என்று ஆங்கிலமாக்கினால் அது உறுதிமொழியாகிவிடும், வலித்த மறுகணம் நோயாளி உங்கள் அடுத்த சொல்லையும் நம்பமாட்டார். 'யூ மே ஃபீல் அ ஷார்ப் ஸ்க்ராட்ச்' என்பது உண்மையையும் சொல்லும், அச்சத்தையும் கூட்டாது. மருந்தின் பக்கவிளைவு, காயம் ஆறும் காலம் ஆகியவற்றுக்கும் 'மே', 'மைட்', 'ஷுட்' ஆகியவையே பாதுகாப்பானவை.

நேரம் குறித்து ஏற்பாடாகிவிட்ட ஸ்கேனுக்கு 'யூ ஆர் ஹேவிங் யுவர் ஸ்கேன் அட் டூ' என்பது இயல்பு. 'அப்போது', 'அதுவரை' என்று நேரத்தைக் குறிக்கும் 'வென்', 'அண்டில்' ஆகியவற்றை அடுத்து 'வில்' வராது: 'ப்ளீஸ் டோன்ட் ஈட் எனிதிங் அண்டில் த டாக்டர் சீஸ் யூ.'

'யூ வில் டேக் திஸ் டேப்லெட்' என்பது கட்டளை போலக் கேட்கும். 'குட் யூ டேக் திஸ் ஃபார் மீ?' என்று கேளுங்கள். தலையணையை உயர்த்த முன்வரும்போது, இங்கிலாந்தில் 'ஷால் ஐ ரெய்ஸ் யுவர் பில்லோ?' என்பார்கள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதியில் வரும் இரண்டு உரையாடல்களுக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும். தோழி ஒருவரை நோயாளியாக அமர்த்தி, 'வில்' சொல்லும் ஒவ்வொரு முறையும் 'நிச்சயமாகவா?' என்று அவரைக் கேட்கச் சொல்லிப் பயிலுங்கள்.