ஸ்டெப் 2 சிகே எப்போது எழுதுவது: செப்டம்பரிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரியிடம், விண்ணப்ப நேரத்தில் பெரும்பாலும் எண்ணாக இருக்கும் ஒரே யுஎஸ்எம்எல்இ (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) மதிப்பெண், அதன் மருத்துவ அறிவுப் பகுதியான ஸ்டெப் 2 சிகே தான். 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1 வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும் ரெசிடென்சி புரோகிராம்கள் முதலில் வடிகட்டிப் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் சிபாரிசுக் கடிதங்களை யாரும் திறக்காமலே விண்ணப்பம் ஒதுங்கிவிடும். ஆகவே, "எப்போது படித்து முடிப்பேன்" என்று முன்னோக்கி எண்ணாமல், "மதிப்பெண் எந்தத் தேதியில் கையில் இருக்க வேண்டும்" என்று பின்னோக்கி எண்ணுவதுதான் சரி.

ரெசிடென்சி விண்ணப்பங்களுக்கான ஈராஸ் இணையதளத்தில் விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்க செப்டம்பர் முதல் வாரத்தில் வழி திறக்கும். புரோகிராம்கள் அவற்றைப் பார்க்கத் தொடங்குவது செப்டம்பர் கடைசி வாரத்தில். இடைப்பட்ட நாட்களில் எப்போது சமர்ப்பித்தாலும் எல்லா விண்ணப்பமும் ஒரே நேரத்தில்தான் அவர்கள் கண்ணில் படும்; முதல் நாளே அனுப்பியவருக்குத் தனிச் சலுகை கிடையாது. உங்கள் உண்மையான கெடு அந்தக் கடைசி வாரம்.

தேர்வு முடிவு பொதுவாக 2 முதல் 4 வாரத்தில், பெரும்பாலும் ஒரு புதன்கிழமை வரும். 4 வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் ஆகஸ்ட் கடைசி வாரம்கூடப் போதும் போலத் தெரியும். இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வில் மாற்றம் வரும் காலங்களில் முடிவுகள் வழக்கத்தைவிடத் தாமதமாகும். அதற்கான அறிவிப்பு யுஎஸ்எம்எல்இ தளத்தில் முன்கூட்டியே வரும், கட்டாயம் பாருங்கள். அதற்கு 2 அல்லது 3 வாரம் ஒதுக்குங்கள். தேர்வன்று காய்ச்சல், மையத்தில் கணினிக் கோளாறு, திடீர் ரத்து என்று எதுவும் வரலாம். வேறு தேதி கிடைக்க இன்னும் 2, 3 வாரம். எல்லாம் கழித்தால் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நல்ல காலம். ஆகஸ்ட் முதல் வாரம் கடைசி எல்லை. அதற்குப் பிறகு எழுதுவது சூதாட்டம்.

மார்ச்சிலேயே தயாராக இருந்தால் மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள். மிஞ்சும் மாதங்களில், அமெரிக்க மருத்துவர்களின் வேலையை உடனிருந்து பார்க்கும் அப்சர்வர்ஷிப் போகலாம், அவர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கலாம். விசா நேர்காணலுக்குக் காத்திருக்கும் நாட்களும் அதில் அடங்கிவிடும்.

பதிவு செய்யும்போது, தேர்வை எழுதி முடிக்க வேண்டிய 3 மாத எலிஜிபிலிட்டி காலம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூலையில் எழுத நினைப்பவர் ஜூலை–செப்டம்பரை எடுப்பதைவிட மே–ஜூலையை எடுப்பது நல்லது. காலம் போதாவிட்டால் கட்டணம் கட்டி ஒரு முறை அடுத்த 3 மாதத்துக்கு நீட்டிக்கலாம், ஆனால் ஆரம்பத் தேதியை முன்னே இழுக்க முடியாது. தேர்வு அனுமதிச் சீட்டான பெர்மிட் வந்த அன்றே, தேர்வு மையங்களை நடத்தும் ப்ரொமெட்ரிக்கில் இடம் பிடியுங்கள். ஜூன், ஜூலையில் எல்லாருக்கும் இதே அவசரம் என்பதால் சென்னையில் இடம் சீக்கிரம் தீரும். அப்போது பெங்களூரு, ஹைதராபாத் மையங்களையும் பாருங்கள். தேதியை வெகு முன்னதாக மாற்றினால் கட்டணம் இல்லை, நாள் நெருங்க நெருங்க ஏறும்.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு "முருகன் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "முருகன் செல்வராஜ்" என்று இருக்கும், அல்லது சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். பெர்மிட்டில் உள்ள பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கான ஆவணத்தைப் பதிவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்து தயார் செய்யுங்கள். இதைக் கடைசியில் கவனிப்பவர்களுக்கு வாரக்கணக்கில் போய்விடுகிறது.

இனி படிப்பு. யுவேர்ல்ட் கேள்வி வங்கியில் 4,000க்கு மேல் கேள்விகள் உண்டு. ஒரு நாளைக்கு 40 என்றால் 100 நாள், 80 என்றால் 50 நாள், அதுவும் ஒரு நாள்கூட விடாமல் செய்தால். சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் முடிவில் வரும் கட்டாய ஹவுஸ் சர்ஜன் பயிற்சி) ஓடிக்கொண்டிருக்கும்போது 80 நடக்காது. நைட் டியூட்டி, மகப்பேறு, அவசரப் பிரிவு வாரங்களில் 20 முடித்தாலே பெரிது. ஆகவே ஹவுஸ் சர்ஜனாக இருந்தபடி படிப்பவர் 5 முதல் 6 மாதம் ஒதுக்கட்டும். கடைசி 5, 6 வாரமாவது சமுதாய மருத்துவம் போன்ற இலகுவான போஸ்டிங்கிலோ, சிஆர்ஆர்ஐ முடிந்த பிறகோ விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு மருத்துவ அறிவு பெரிய தடையாக இருப்பதில்லை. அமெரிக்க ஸ்கிரீனிங் வயது வரம்புகள், அவர்களின் தடுப்பூசி அட்டவணை, நோயாளியின் சம்மதமும் ரகசியமும் பற்றிய கேள்விகள், பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆகியவற்றில்தான் மதிப்பெண் கரைகிறது. இவற்றைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

தேதியை உறுதி செய்ய வேண்டியது மாதிரித் தேர்வுகள். யுஎஸ்எம்எல்இ கேள்விகளைத் தயாரிக்கும் என்பிஎம்இ அமைப்பின் சுயமதிப்பீட்டுத் தேர்வு ஒன்றைத் தேர்வுக்கு 8 வாரம் முன்பு எழுதுங்கள், பிறகு 2 வாரத்துக்கு ஒன்று. கடைசியானது 7 முதல் 10 நாள் முன்பு. வீட்டில் இடையில் எழுந்து டீ குடித்துவிட்டு எழுதிய மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. உண்மைத் தேர்வு ஒரே நாளில் 9 மணி நேரம். ஒரு முறையாவது காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து அந்தக் களைப்பைப் பார்த்துவிடுங்கள். கடைசி மணி நேரங்களில் தெரிந்த கேள்வியே தவறும்.

2025 ஜூலை 1 முதல் தேர்ச்சிக்கு 218 தேவை. ஆனால் தேர்ச்சி மட்டும் இலக்கு அல்ல. அமெரிக்க மாணவர்களின் சராசரியே 250ஐ ஒட்டி இருக்கிறது. கடைசி இரண்டு மாதிரித் தேர்வும் உங்கள் இலக்கைச் சுற்றி நின்றால் எழுதுங்கள். இன்னும் 2, 3 புள்ளி ஏற்றலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அளவீட்டுப் பிழையே 6 புள்ளி அளவுக்கு இருக்கும் தேர்வில் அந்த 3 புள்ளிக்குப் பொருளில்லை. மாதிரித் தேர்வுகள் 225க்குக் கீழே நின்றால், அந்த ஆண்டு மேட்சை (விண்ணப்பதாரர்களை ரெசிடென்சி இடங்களோடு பொருத்தும் முறையை) விட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஃபெயில் ஆனால் அது டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். குறைந்த மதிப்பெண்ணில் பாஸ் ஆகிவிட்டால் உயர்த்திக்கொள்ள மறுபடி எழுத முடியாது. ஓராண்டு தள்ளிப்போனதை விளக்கிவிடலாம். அந்த எண்ணை மாற்ற வழியே இல்லை. ஆனால் பட்டம் பெற்ற ஆண்டையும் பல புரோகிராம்கள் பார்க்கும் என்பதால், தள்ளிவைத்த ஆண்டில் மருத்துவப் பணியோ ஆராய்ச்சியோ தொடர வேண்டும்.

தேர்வுக்கு இணையாக ஓட வேண்டியது, வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தகுதியைச் சான்றளிக்கும் ஈசிஎஃப்எம்ஜி அமைப்பின் சான்றிதழ் வேலை. 2021இல் மருத்துவச் செயல்திறனைச் சோதித்த ஸ்டெப் 2 சிஎஸ் தேர்வு நிறுத்தப்பட்ட பிறகு, அதற்குப் பதிலாக ஈசிஎஃப்எம்ஜி வகுத்த பாத்வே ஒன்றின் வழியாகவும் மருத்துவர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வின் வழியாகவும் தகுதி காட்ட வேண்டும். ஓஇடியை ஸ்டெப் 2 முடிந்த 3, 4 வாரத்தில் எழுதினால் இரண்டும் மோதாது. கல்லூரி மூலம் பட்டத்தைச் சரிபார்ப்பது எப்போதும் எதிர்பார்த்ததைவிட இழுக்கும், அதை முதலில் தொடங்குங்கள்.

ஏதோ காரணத்தால் முடிவு செப்டம்பர் கடைசிக்குப் பிறகுதான் வரும் என்றால், விண்ணப்பத்தை நேரத்துக்கு அனுப்பிவிட்டு மதிப்பெண் வந்த அன்றே ஈராஸில் போய் யுஎஸ்எம்எல்இ டிரான்ஸ்கிரிப்டை மறுபடி அனுப்புங்கள். புதிய மதிப்பெண் தானாகப் போய்ச் சேராது. நீங்கள் அனுப்பும்வரை புரோகிராம்கள் பார்ப்பது பழைய பிரதியைத்தான். நேர்காணல் அழைப்புகளில் பெரும்பகுதி அக்டோபர், நவம்பரிலேயே போய்விடுகிறது என்பதால் ஒரு வாரத் தாமதமும் கணக்கில் சேரும். அனுப்பிய பிறகு, கட்டம் காலியாக இருந்தபோது உங்களைத் தாண்டிப் போயிருக்கக்கூடிய புரோகிராம்களுக்கு மதிப்பெண் வந்துவிட்டதைச் சொல்லி இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். மார்ச் தொடக்கத்தில் ரேங்க் லிஸ்ட் (விண்ணப்பதாரரும் புரோகிராம்களும் தரும் விருப்ப வரிசை) மூடும் கெடுவுக்குள் தேர்வுகளில் தேர்ச்சி பதிவாகாவிட்டால், எத்தனை நேர்காணல் முடித்திருந்தாலும் அந்த ஆண்டு மேட்சில் நீங்கள் இருக்க முடியாது.