விறைப்புக் குறைவு: மாத்திரை வாங்குமுன், வாங்கியபின்

மலேசியாவில் தோட்டப் பட்டணத்தில் விறைப்புக் குறைவுக்கு முதலில் கைக்கு வருவது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் 'ஆண்களுக்கான' தொங்காட் அலி மூலிகைக் காப்பிதான். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். இப்படி விற்கும் காப்பி, தேன், கேப்சூல்களில் விறைப்புக்கு டாக்டர் தரும் மாத்திரை மருந்துகளான சில்டெனாஃபிலும் தடலாஃபிலும் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் இருக்காது. மூலிகைதானே என்று குடிப்பவர் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவராக இருந்தால், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும்.

டாக்டரிடம் போகச் சொல்வது மாத்திரைச் சீட்டுக்காக மட்டும் இல்லை. ஆணுறுப்புக்குப் போகும் இரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது 3 முதல் 4. கொழுப்பு படிந்தால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இன்று விறைப்பு குறைந்தவருக்குச் சில ஆண்டுகளில் மாரடைப்பு வரலாம். இனிப்புநீர் (நீரிழிவு), இரத்தக் கொதிப்பு, சிகரெட், சம்சு (மலிவுச் சாராயம்) எல்லாம் இதே குழாயைத்தான் கெடுக்கின்றன.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். கவுண்டரில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொன்னால் போதும். உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல், "உறவின்போது விறைப்பு நிற்க மாட்டேங்குது, ஆறு மாசமாச்சு" என்று சொல்லுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மலாயில் 'மாத்தி பூச்சோக்' என்றால் புரிந்துகொள்வார். விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று கேட்பார். வருகிறது, ஆனால் உறவின்போது மட்டும் இல்லை என்றால் கவலையோ மன அழுத்தமோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் இருக்கும் மருந்துப் பைகளை எல்லாம் அப்படியே எடுத்துப் போங்கள். இரத்தக் கொதிப்புக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, அட்டெனலால் போன்றவை சிலருக்கு விறைப்பைக் குறைக்கும். டாக்டர் மாற்றித் தரலாம். நீங்களாக நிறுத்தினால் பக்கவாதத்தில் போய் நிற்கும். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆசையே குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் பார்ப்பார்கள். அந்த இரத்தத்தைக் காலை 11 மணிக்குள் எடுக்க வேண்டும், பிறகு அளவு இறங்கிவிடும்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருபவர்களில் பலருக்கு அதைச் சாப்பிட்ட விதம்தான் தப்பு. சில்டெனாஃபில் பெரும்பாலும் 50 மில்லிகிராமில் தொடங்கும். 65 வயதைத் தாண்டியவருக்கும் ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் 25. உறவுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட வேண்டும். இரவு ரொட்டி சானாயும் ஆட்டுக்கறியும் தின்றுவிட்டுப் போட்டால் எண்ணெய்ச் சாப்பாடு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். காலி வயிறோ லேசான சாப்பாடோ நல்லது. தடலாஃபிலுக்குச் சாப்பாடு தடையில்லை. 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள், 36 மணி நேரம் வரை வேலை செய்யும். எதுவானாலும் ஒரு நாளைக்கு ஒரு முறைதான்.

மாத்திரை போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. தொடுதலும் ஆசையும் இருந்தால்தான் மருந்து உதவும். ஆகவே மனைவிக்குத் தெரியாமல் சாப்பிடுவதை விடச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது மருந்துக்கே பலம். முதல் நாள் சரியாக வராவிட்டால் தூக்கி எறியாதீர்கள். ஆறு எட்டு முறை வெவ்வேறு நாளில் பார்த்த பிறகே அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று டாக்டரிடம் பேச வேண்டும். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு வரும், போகும். திடீரென்று ஒரு கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

நெஞ்சுவலிக்குத் தரும் ஜி.டி.என்., ஐசோசார்பைடு போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால் அவசரப் பிரிவில் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், தடலாஃபில் என்றால் 48 மணி நேரம் வரை நைட்ரேட் தரமாட்டார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பிராசோசின் எடுப்பவரும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாத்திரைக்கு மசியாதவருக்கு, குழாய்க்குள் காற்றை உறிஞ்சி உறுப்புக்கு இரத்தத்தை இழுக்கும் வேக்குவம் பம்ப் உண்டு. உறுப்பின் அடியில் உள்ள முடியைக் குட்டையாக வெட்டி, குழாயின் வாய்க்கு ஜெல் தடவி உடலோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு மூன்று முறை பம்ப் செய்து நிறுத்தி, மறுபடி மெதுவாகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் இரத்தம் கட்டும். விறைத்ததும் ரப்பர் வளையத்தை அடிப்பக்கம் நழுவ விட்டுக் குழாயை எடுங்கள். 30 நிமிடத்துக்குள் வளையத்தைக் கழற்றியே ஆக வேண்டும். உறுப்பு கொஞ்சம் குளிர்ந்து நீலம் பாய்ந்தாற்போல் தெரியும், அது இயல்பு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் பம்பைத் தொடக்கூடாது.

அடுத்தது, இரத்தக் குழாயை விரித்து விறைப்பைத் தரும் ஆல்ப்ரோஸ்டடில் ஊசி. பெரிய ஆஸ்பத்திரியில் முதல் ஊசியை டாக்டர் முன்னிலையில் போட்டு அளவு கண்டுபிடித்த பிறகுதான் வீட்டில் போடலாம். உறுப்பின் பக்கவாட்டில், வாரத்துக்கு 3 முறைக்கு மேல் இல்லை. எதற்கும் சரிவராவிட்டால் உள்ளே சாதனம் பொருத்தும் அறுவை. பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்பதால் அது கடைசிதான்.

ஊசியோ மாத்திரையோ, விறைப்பு 4 மணி நேரத்தைத் தாண்டி இறங்காமல் இருந்தால் இரவு 2 மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் புறப்படுங்கள். வெட்கப்பட்டு விடியும்வரை படுத்திருந்தால் உள்ளே இருக்கும் தசை நிரந்தரமாகக் கெட்டுவிடும்.