வளரும் பிள்ளைக்கு அடுத்த டர்ட் பைக்: இன்றைய காலுக்கு அளவெடுங்கள்

காரைக்குடியில் எனக்குத் தீபாவளிக்கு எடுக்கும் பாவாடை எப்போதும் உள்ளே இரண்டு மடிப்பு போட்டுத் தைத்ததாகத்தான் இருக்கும். வருடத்துக்கு ஒரு மடிப்பாக அம்மா பிரித்துவிடுவார். "வளர்ற பிள்ளை" என்று சொன்னால் போதும், தையல்காரர் வேறு எதுவும் கேட்க மாட்டார். செருப்பு, பள்ளிக்கூடப் பை, சைக்கிள் எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதுதான். பாவாடைக்கு அது நல்ல கணக்கு. மண் தரையில் ஓட்டும் மோட்டார் சைக்கிளான டர்ட் பைக்குக்கு அந்தக் கணக்கைப் போட்டேன், என் மகளின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அப்புறம் நான்கு மாதம் அவள் எந்தப் பைக்கின் பக்கமும் வரவில்லை.

நாங்கள் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் பெண்டிகோவில் இருக்கிறோம். என் கணவரோடு வேலை செய்பவருக்கு ஹீத்கோட் பக்கம் பண்ணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்விடுவோம். இந்த ஊரில் நாலு வயதிலேயே பிள்ளைகள் குட்டி பைக்கில் ஏறிவிடுகிறார்கள். எங்கள் மகள் ஐந்து வயதில் யமஹா பிடபிள்யூ 50-இல் தொடங்கினாள். இங்கே எல்லோரும் அதை 'பீவீ' என்பார்கள். சீட் உயரம் சுமார் 48 செ.மீ., எடை 41 கிலோ. கியர் கிடையாது, செயின்கூடக் கிடையாது, பின் சக்கரத்தைச் சுழற்றுவது ஷாஃப்ட் என்ற தண்டுதான். இரண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரி கையிலேயே இருக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். முதல் நாள் அதைக் கிளப்பியதும் வந்த புகையில் எனக்கு அப்பாவின் டிவிஎஸ் 50 ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

ஒன்றரை வருடத்தில் அந்த பைக் சிறிதாகிவிட்டது. எப்படித் தெரியும் என்றால், வளைவில் திரும்பும்போது முழங்கால் ஹேண்டில் பாரில் இடிக்கும். எழுந்து நின்று ஓட்டினால் குனிந்தே நிற்க வேண்டியிருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகியே வைத்திருப்பாள், அதற்கு மேல் வண்டியில் ஒன்றும் மிச்சமிருக்காது. பிடபிள்யூ 50-க்கு யமஹா சொல்லும் அதிகபட்ச எடை 25 கிலோ. அவள் அப்போது 20 கிலோதான், ஆனால் பூட்ஸ், ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் சேர்த்தால் அந்த வரம்பை நெருங்கிவிட்டாள்.

இங்கேதான் நான் தவறினேன். 50 சி.சி.யிலேயே இன்னொன்று எதற்கு, நேராக 110-க்குப் போனால் மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை என்று செகண்ட் ஹேண்டில் ஒன்றை எடுத்தேன். விற்றவரும் வளர்ந்துவிடுவாள் என்றுதான் சொன்னார். மூன்றாவது ஞாயிறு, பண்ணை கேட் பக்கம் சின்னச் சரிவில் நிறுத்தினாள். இடது காலை ஊன்றப் போனாள். அந்தப் பக்கம் தரை நாலு விரற்கடை பள்ளம். கால் எட்டவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்றும் ஆகவில்லை, நின்ற இடத்தில் 70 கிலோவுக்கு மேலான பைக் அவள் மேல் சாய்ந்தது. சின்னப் பிள்ளைகள் விழுவதில் பாதிக்கு மேல் இப்படி நிற்கும்போதும் கிளம்பும்போதும்தான் என்பதை அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கண்ணால் பார்க்கிறேன்.

அதனால் சி.சி.யை மறந்துவிட்டு முதலில் காலை அளந்துகொள்ளுங்கள். பிள்ளையின் உயரம் அல்ல, கால் உயரம். 116 செ.மீ. உயரமுள்ள இரண்டு பிள்ளைகளுக்குக் கால் நீளத்தில் நாலு செ.மீ. வித்தியாசம் இருக்கலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எங்கே படுமோ அங்கே கால்களுக்கு நடுவில் வைத்து, மேலே நன்றாக அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப்பை வைத்துப் பாருங்கள். என் மகளுக்கு 51 வந்தது. கூச்சத்தில் நெளிந்து முதல் தடவை 53 காட்டினாள். மூன்று தடவை அளந்து, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டர்ட் பைக் பூட்ஸின் அடிப்பாகம் கெட்டி, அது இரண்டு மூன்று செ.மீ. கூட்டும். பிள்ளை உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் இறங்குவதில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். 20 கிலோ பிள்ளைக்கு அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், ஸ்பிரிங் அசையாது.

ஆக 51-ஓடு மூன்றும் ஒன்றும் சேர்த்து 55. இப்போது பைக்குகளின் சீட் உயரத்தைப் பாருங்கள். ஹோண்டா சிஆர்எஃப் 50எஃப் 55-க்குக் கொஞ்சம் குறைவு. யமஹா டிடி-ஆர் 50இ 55-க்குக் கொஞ்சம் அதிகம். அடுத்த படியான 110-களில் ஹோண்டா சிஆர்எஃப் 110எஃப் சுமார் 66, யமஹா டிடி-ஆர் 110இ 67, கவாசாகி கேஎல்எக்ஸ் 110ஆர் 68. நடுவில் 11 செ.மீ. பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள், அங்கேதான் பெற்றோர் அவசரப்படுகிறோம். முதல் பைக்குக்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். அடுத்த பைக்குக்கு, பூட்ஸ் போட்ட இரண்டு கால்களின் முன்பாதியும் ஒரே நேரத்தில் அழுத்தமாக ஊன்றினால் போதும். ஒரு கால் மட்டும் நுனி விரலில் எட்டினால் அந்த பைக் இன்னும் அவளுடையது அல்ல.

உயரம் ஒத்துவந்தால் அப்புறம் எடை. 20 கிலோ பிள்ளைக்கு 50 கிலோ ஹோண்டா இரண்டரை மடங்கு. 77 கிலோ 110-ஐக் கொடுத்தால் கிட்டத்தட்ட நாலு மடங்கு. இதைச் சோதிக்க எஞ்சினை ஆஃப் செய்து, பிள்ளையை உட்கார வைத்து, நீங்கள் ஹேண்டில் பாரைப் பிடித்து வண்டியை ஒரு சாண் இடது பக்கம் சாய்த்துவிடுங்கள். அவளாகவே நிமிர்த்த வேண்டும். பிறகு வலது பக்கம். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பல்லைக் கடித்தால் பரவாயில்லை. கண் உங்களைத் தேடினால் எடை அதிகம்.

ஹோண்டா 50-க்கும் யமஹா 50-க்கும் இடையில் நான் நாலு நாள் யோசித்தேன். இரண்டும் ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டுக்கும் மூன்று கியர், க்ளட்ச் லீவர் இல்லை. யமஹாவில் செல்ஃப் ஸ்டார்ட் உண்டு. ஹோண்டாவைக் கிக்கரில் உதைக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் பெரியவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் யமஹா ஏழெட்டு கிலோ கூடுதல். கொஞ்சம் பெரிய உடம்புள்ள பிள்ளை என்றால் யமஹாவையே எடுங்கள். பைக் நின்றுபோனால் அம்மா ஓடி வரும்வரை காத்திருக்காமல் தானே கிளப்பலாம், அது பிள்ளைக்குத் தரும் தைரியம் பெரிது. என் மகள் மெலிந்தவள், அதனால் ஹோண்டா. ஓடிப்போய் உதைக்க நான் இருக்கிறேன்.

110-ஐ எடுத்த விலைக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டு, பழைய ஹோண்டா ஒன்றைப் பார்க்கப் போனோம். அவள் வீட்டிலேயே பூட்ஸைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். நீங்களும் அப்படியே கூட்டிப் போங்கள். ஸ்போர்ட்ஸ் ஷூவில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய விஷயம், நாங்கள் வரும்முன் வண்டியைக் கிளப்பி வைக்காதீர்கள் என்று. போனதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் கிளம்பச் சிரமப்படுகிறது, அதை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் பேரிங் போய்விட்டது. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், தளர்ந்து ஆடினால் அங்கும் அதே கதைதான். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் அலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும், விலையில் அதைக் கழியுங்கள். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே புழுதி அப்பியிருந்தால் அந்த எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது. நான் வேறு எதையும் பார்க்காமல் இதற்காக மட்டுமே ஒரு வண்டியை வேண்டாம் என்றிருக்கிறேன். ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு பி.பி.எஸ்.ஆர். என்ற ஆஸ்திரேலிய அரசின் கடன் பதிவேட்டுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அரசுத் தளத்தில் 2 டாலர்தான், கடனில் இருக்கிறதா, திருட்டு வண்டியா என்று தெரிந்துவிடும்.

பீவீயிலிருந்து மாறும் பிள்ளைக்கு ஒரு சிக்கல் வரும், முன்பே தெரிந்துகொண்டால் நல்லது. பீவீயில் இடது கை லீவர்தான் பின் பிரேக். ஹோண்டா 50-இல் இடது கையில் ஒன்றுமே இல்லை, பின் பிரேக் வலது காலுக்குப் போய்விடுகிறது. முதல் இரண்டு ஞாயிறு அவளுடைய இடது விரல்கள் காற்றைப் பிடித்தன. "அம்மா, பிரேக் காணோம்!" என்று கத்தினாள். அந்தப் பழக்கம் இங்கேயே மறந்தாக வேண்டும். பிறகு ஒரு நாள் கவாசாகி கேஎக்ஸ் 65, யமஹா ஒய்இசட் 65 மாதிரி வண்டிக்குப் போனால் இடது லீவர் க்ளட்ச். பயத்தில் அதைப் பிடித்தால் எஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி சரிவில் இன்னும் தாராளமாக ஓடும். அதனால் பீவீயிலிருந்து நேராக 65-க்குத் தாவுகிறவர்களைக் கண்டால் நான் வலியப் போய்ப் பேசுகிறேன். 65-இன் சீட் உயரம் 75-க்கு மேல், ஆறு கியர், டூ ஸ்ட்ரோக் வேகம் திடீரென்று வரும். அது பந்தயத்துக்கான வண்டி. கேடிஎம் 50 எஸ்எக்ஸும் அப்படித்தான், 50 என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

பயிற்சிக்கு நாங்கள் செய்தது, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சின் அணைத்து, கால் பிரேக், கியர் என்று நான் சொல்லச் சொல்ல அவள் மிதிப்பது. புது பூட்ஸ் கெட்டியாக இருப்பதால் கியர் லீவர் காலுக்கே தெரியாது. கியர் எல்லாம் மேல்நோக்கித்தான், கீழே முழுக்க மிதித்தால் நியூட்ரல். பத்து நிமிடம், தினமும் சாயங்காலம். இரண்டு வாரத்தில் குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஆக்ஸிலேட்டரில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, எவ்வளவு திருக முடியும் என்பதை அதில் குறைத்து வைக்கலாம். பாதியில் வைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு சுற்று விட்டுக்கொடுத்தேன்.

மின்சார பைக் கேட்பவர்களுக்கு: ஸ்டேசிக் மாதிரி சின்ன வண்டிகள் நாலைந்து வயதில் சமநிலை பழக அருமையானவை. கேடிஎம் எஸ்எக்ஸ்-இ 5-இல் சீட் உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், வளரும் பிள்ளைக்கு நல்ல யோசனைதான், ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

ஹெல்மெட்டும் பூட்ஸும் மட்டும் செகண்ட் ஹேண்டும் வேண்டாம், பெரிதும் வேண்டாம். ஹெல்மெட்டில் ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரமான 1698 அல்லது ஐரோப்பிய ஈ.சி.ஈ. 22.05, 22.06 முத்திரை இருக்க வேண்டும். மாட்டி, தலையை ஆட்டச் சொன்னால் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். எங்கே ஓட்டுவது என்பதையும் பைக் வாங்கும் முன் முடிவுசெய்துகொள்ளுங்கள். விக்டோரியாவில் அரசுக் காட்டுச் சாலைகளுக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டும், அதனால் பிள்ளைகளுக்குத் தனியார் நிலமும் கிளப் மைதானங்களும்தான்.

விலை போய்விடுமே என்ற பயத்துக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். பீவீயை 1,100 டாலருக்கு எடுத்து, ஒன்றரை வருடம் ஓட்டி, 1,000-க்குக் கொடுத்தோம். ஏர் ஃபில்டரைக் கழுவி, ஆயிலை மாற்றி வைத்திருந்தால் இந்தக் குட்டி பைக்குகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வருடத்துக்கென்று சரியான அளவில் வாங்குவது வீண் செலவு அல்ல.

இப்போது ஹோண்டாவில் அவள் மூன்றாவது கியரில் எழுந்து நின்று ஓட்டுகிறாள். அடுத்தது 110தான். அவற்றில் கவாசாகியின் 'எல்' வகையை மட்டும் விட்டுவிடுவேன், 73 செ.மீ. உயரம், க்ளட்ச் லீவர் வேறு. எடை குறைவு என்பதால் 72 கிலோ யமஹா பிடித்திருக்கிறது. ஆனால் அதில் கார்புரேட்டர், குளிர்காலத்தில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்தால் உள்ளே பெட்ரோல் பிசுபிசுத்துப் போகும். ஹோண்டாவில் 2019 முதல் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அந்தத் தொல்லை குறைவு. ஐந்து கிலோவா, காலையில் ஒரே பட்டனில் கிளம்புவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. சமையலறைக் கதவு நிலையில் அவள் கால் உயரத்துக்கு மாதா மாதம் பென்சில் கோடு போடுகிறோம். போன ஞாயிறு 55-ஐத் தொட்டது. 60 வந்ததும் 110 விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்குவேன்.