கட்டைக்கால்: கல்மூங்கில் கழியிலிருந்து ஸ்பிரிங் கால் வரை

தரையைவிட உயரத்தில் நின்று நடக்க உதவும் கட்டைதான் கட்டைக்கால். அதன் பேரைச் சொன்னதும் எல்லோரும் உயரத்தைத்தான் கேட்பார்கள். அதைவிட முக்கியம், கட்டை உடம்போடு எந்த இடத்தில் சேர்கிறது என்பது. கையில் பிடிக்கும் கழி, காலில் வாரால் கட்டும் கட்டை, ஷூவோடு பூட்டும் ஸ்பிரிங் கால் என்று மூன்று வகை உண்டு. முதல் வகையில் தடுமாறினால் கீழே குதித்துவிடலாம். மற்ற இரண்டிலும் அது முடியாது. அதனால் பழகுவதும் இதே வரிசையில்தான்.

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை சொல்லும் பதினோராடல்களில் மரக்கால் ஆடலும் ஒன்று. பாம்பும் தேளுமாக வந்த அவுணரை (அசுரரை) மாயவள் என்ற கொற்றவை மரக்காலில் நின்று உழக்கினாள் என்பது அதன் கதை. தரையில் கால் படக்கூடாது என்ற தேவை ஊருக்கு ஊர் வேறு உருவில் வந்திருக்கிறது. பிரான்சின் லாந்து பகுதியில் சதுப்பு நிலத்தில் ஆடு மேய்த்தவர்கள் நாள் முழுக்கக் கட்டைக்காலில்தான் இருந்தார்கள். சேற்றில் கால் புதையாது, தூரத்து ஆடும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு நீண்ட கோலை முதுகுக்கு முட்டுக்கொடுத்து அப்படியே ஓய்வெடுப்பார்கள். அந்தப் பகுதிக்காரரான சில்வன் டோர்னோன் 1891-இல் பாரிஸிலிருந்து மாஸ்கோ வரை கட்டைக்காலில் நடந்தார். பெல்ஜியத்தின் நமூர் நகரில் இரண்டு அணிகள் கட்டைக்காலில் மோதும் விளையாட்டு 1411-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது. சத்தீஸ்கரில் மழைக்காலத்து ஹரேலி பண்டிகைக்கு மூங்கிலில் ‘கேடி’ என்ற கட்டைக்கால் செய்து பிள்ளைகள் ஏறுவார்கள். ஜப்பானில் அதே மூங்கில் கால் பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சிக் கருவியாகிவிட்டது. நம் பக்கம் திருவிழா ஊர்வலத்தில் வரும் பொய்க்கால் குதிரைக்காரர் காலிலும் இருப்பது இந்தக் கட்டைதான்.

கைக்கழி செய்ய

ஜவ்வாது மலைப் பக்கத்துக் கல்மூங்கில் இதற்கென்றே பிறந்தது போல. உள்ளே ஏறக்குறைய கெட்டி. காட்டில் வெட்டாமல் கடையில் வாங்குங்கள். மூன்று வயது தாண்டிய கழியாக, பிடிக்கும் இடத்தில் 4 சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாமல் பாருங்கள். கிடைக்காவிட்டால் நேரான சவுக்கு. பச்சை மூங்கிலை வேலூர் வெயிலில் போட்டால் நீளவாக்கில் வெடித்துவிடும். நிழலில் மூன்று நான்கு வாரம் சாய்த்து வைத்துக் காயவிட வேண்டும். கழியின் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு துளைத்திருக்கிறது என்று பொருள். அதைக் கழித்துவிடுங்கள்.

நீளத்துக்குக் கணக்கு இது: உங்கள் தோள் உயரம், கால் வைத்து நிற்கும் மிதிகட்டை தரையிலிருந்து இருக்கும் உயரம், அதற்கு மேல் அரை அடி. தோள் 4 அடி, மிதிகட்டை 1 அடி என்றால் கழி ஐந்தரை அடி. கழி குட்டையானால் தடுமாறும்போது அதன் முனை முகத்தில் குத்தும். வெட்டியதும் இரண்டு முனையையும் செங்கல்மேல் வைத்து, நடுவில் மெதுவாக ஏறி நின்று பாருங்கள். நெரியும் சத்தம் கேட்டால் அந்தக் கழி வேண்டாம்.

மிதிகட்டைக்குக் கருவேலம் அல்லது வேம்பு. கழியை ஒட்டும் பக்கம் 6 அங்குல உயரம், மேல்முகம் 5 அங்குல நீளம், இரண்டரை அங்குலத் தடிமன்; கீழே போகப் போக அந்த நீளம் 2 அங்குலமாகக் குறுக வேண்டும். ஆணி அடிக்காதீர்கள். மூங்கில் பிளப்பதற்கு முதல் காரணம் ஆணி. 8 மில்லிமீட்டர் டிரில்லால் துளையிட்டு, மேலே 7 அங்குல போல்ட்டும் கீழே 5 அங்குல போல்ட்டும் போடுங்கள். கட்டையின் சாய்ந்த முகத்தில் வாஷர் தட்டையாக உட்கார உளியால் சின்னப் பள்ளம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முடுக்கும்போது போல்ட் வளையும். மிதிகட்டைக்குக் கீழே, துளைக்குப் பக்கத்திலேயே ஒரு கணு வருமாறு அளந்துகொண்டால் பிளவு அதைத் தாண்டி ஓடாது. கழியின் அடிக்கு ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் புஷ், சர்ஜிகல் கடையில் கிடைக்கும். கோடையில் மரம் சுருங்கி நட்டு தளரும். ஏறும் ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

நடக்க

கெட்டியான மண்தரைதான் நல்லது. பாலாற்று உலர்மணலில் கழி புதையும், ஈரச் சிமெண்டில் வழுக்கும். கழிகள் கைக்கு வெளியே, தோளுக்குப் பின்னால் போகட்டும். உள்ளங்கை தொடைப் பக்கத்தில் கழியைப் பிடித்திருக்கட்டும். முதுகைச் சுவரில் சாய்த்து ஏறுங்கள். கால் தூக்கும்போது அதே பக்கத்துக் கை கழியையும் தூக்க வேண்டும். புதிதாக ஏறுபவர் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்: கால் மேலே வந்துவிடும், மிதிகட்டை கீழேயே நிற்கும். இன்னொன்று, அசையாமல் நிற்கப் பார்ப்பது. கழிமுனை ஒரு புள்ளிதான். அதன்மேல் நிற்க முடியாது. இடத்திலேயே சின்னச் சின்ன அடியாக மிதித்துக்கொண்டே இருங்கள். பார்வை பத்தடி தூரத்தில். விழப்போகிறோம் என்று தோன்றினால் கழிகளை விட்டுவிட்டு முன்பக்கம் குதிக்க வேண்டும்.

கட்டும் கால்

கைக்கழியில் தயங்காமல் திரும்பவும் பின்னோக்கி நடக்கவும் வந்த பிறகுதான் இது. முதல் ஜோடி ஒரு அடிக்கு மேல் வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றரை அங்குல அகல வாரை இரட்டைத் தையல் போட்டு, பக்கிளோடு செய்து வாங்கலாம். ஒரு வார் கணுக்காலில், ஒன்று முழங்காலுக்குக் கீழே. மேல் வாரில் கவனம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு கைக்குத் தட்டும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது. வார் அங்கே அழுத்தினால் பாதம் மரத்துப்போகும், தூக்க வராமலும் போகலாம். முண்டுக்கு நான்கு விரல் கீழே, ஃபோம் வைத்துக் கட்டுங்கள். மரத்துப்போகிற உணர்வு வந்தவுடன் அவிழ்த்துவிடுங்கள். உயரமான திண்ணையில் உட்கார்ந்து கட்டி, அங்கிருந்தே எழலாம். ஹெல்மெட், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் மூன்றும் கட்டாயம். விழுந்தால் முழங்கால் கவசத்தின்மேல் முன்பக்கம் விழ வேண்டும். மல்லாந்து விழுந்தால் தலை அடிபடும்.

ஸ்பிரிங் கால்

வில்போல் வளையும் கண்ணாடியிழைப் பட்டை கொண்ட இந்தக் காலை ஜெர்மானியரான அலெக்சாண்டர் பாக் உருவாக்கினார். இதை வீட்டில் செய்யக் கூடாது. பட்டை உங்கள் எடைக்கென்று குறித்ததாக இருக்க வேண்டும். கடினமானது வளையாது, மென்மையானது முழுக்க மடங்கி, குதித்து இறங்கும் அடியை முழங்காலுக்கே அனுப்பும். பழையது வாங்கினால் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பாருங்கள். வெண்கீறலோ இழை பிரிந்த சிலும்போ இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.