பாலிமர் க்ளே பொம்மையில் விரிசல் விழாமல் இருக்க

டெரகோட்டா நகை செய்துவிட்டு பாலிமர் க்ளேவுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். நானும் அங்கிருந்து வந்தவள்தான், கைப்பழக்கம் புரிகிறது. ஆனால் முதலில் அந்தக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். களிமண்ணில் விரிசல் விழுவது தண்ணீர் வற்றுவதால். பாலிமர் க்ளேயில் தண்ணீரே கிடையாது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் தூளும், அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளும்தான். சூட்டில் அந்தத் தூள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகிறது. ஆகவே இதில் விரிசல் விழுந்தால், பெரும்பாலும் சூடு சீராகப் போய்ச் சேரவில்லை, இல்லையென்றால் உள்ளே காற்றோ ஈரமோ மாட்டிக்கொண்டிருக்கிறது. (பாக்கெட்டில் 'ஏர் டிரை' என்று போட்டிருந்தால் அது வேறு சரக்கு. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.)

கொலுவுக்கு நான் அதிகம் செய்வது நாலு அங்குலப் பிள்ளையார். தொப்பை தடிமன், தும்பிக்கை மெலிசு. விரிசல் விழ இதைவிட வசதி வேண்டாம். தொப்பையை முழுக்க க்ளேயாலேயே உருட்டினால் மேல்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்பக்கம் அப்புறம் சூடேறி விரியும், மேலே பிளந்துகொள்ளும். காசும் வீண். அதனால் உள்ளே அலுமினிய ஃபாயில் வையுங்கள். சும்மா கசக்கி வைத்தால் போதாது. தரையில் அழுத்தி உருட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி, விரலால் அமுக்கினாலும் உள்வாங்காத அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்வாக இருந்தால் மடிப்புகளில் நிற்கும் காற்று ஓவனில் விரிந்து க்ளேயைத் தள்ளும். இறுக்கிய உருண்டைமேல் ஃபெவிகால் மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்தில் க்ளே போர்த்துங்கள். எல்லாப் பக்கமும் ஒரே கனம் என்பதுதான் முக்கியம். பீடத்தின் அடியில் ஃபாயில் வரை ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள், மிச்சக் காற்று அந்த வழியாகப் போகட்டும். உள்ளே தாங்கலுக்குக் குச்சி வைத்துச் செய்பவர்கள் குச்சியை முன்கூட்டியே ஓவனில் காயவைக்க வேண்டும், மரத்தில் ஈரம் இருக்கும்.

பிசைவதில் அவசரம் கூடாது. மடித்து அழுத்தும்போது ஓரம் உதிர்ந்தால் இன்னும் பதம் வரவில்லை. நம் ஊர் மே மாதத்தில் கூரியர் வண்டியில் வெந்து வரும் பாக்கெட்டுகள் பாதி இறுகிப்போய்த்தான் கைக்கு வரும். ஒரு சொட்டு பேபி ஆயில் விட்டுப் பாருங்கள், அப்போதும் உதிர்ந்தால் பொம்மைக்கு அது வேண்டாம். வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

ஓவனுக்கு வருவோம். ஓடிஜி (வீட்டில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) டயலை நம்பவே நம்பாதீர்கள். 130 என்று திருப்பினால் உள்ளே 150 இருக்கலாம், கம்பி சிவக்கும் நேரத்தில் இன்னும் ஏறும். தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்குவதுதான் இந்தத் தொழிலில் உருப்படியான செலவு. க்ளே பிராண்டுகளில் ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்பிக்கு 130. எதுவானாலும் பாக்கெட்டில் இருப்பதே கணக்கு. பொம்மையை ஒரு செராமிக் டைல்மேல் வைத்து, மேலே ஃபாயிலைக் கூடாரம் மாதிரி கவிழ்த்துவிட்டால் கம்பியின் சூடு நேராக அடிக்காது. தடித்த பொம்மையை நான் ஆறிய ஓவனில் வைத்துத்தான் சூட்டை ஏற்றுவேன். தெர்மாமீட்டர் சரியான டிகிரியைத் தொட்ட பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும், பிள்ளையாருக்கு முக்கால் மணி நேரமாவது விடுவேன். கருகிவிடும் என்று பயந்து சீக்கிரம் எடுப்பவர்களின் பொம்மைதான் பிறகு ஒடிகிறது. கூடவே அதே க்ளேயில் ஒரு மெல்லிய பட்டையும் வைத்து வேகவிடுங்கள். ஆறியதும் வளைத்தால் வளைய வேண்டும். பட்டென்று முறிந்தால் வேகவில்லை. காரமான புகை வந்தால் மட்டும் உடனே அணைத்து ஜன்னலைத் திறங்கள், பிவிசி கருகும் புகை நல்லதல்ல.

முடிந்ததும் கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிடுங்கள். ஃபேன் காற்றில் வைப்பது, ஐஸ் தண்ணீரில் முக்குவது எல்லாம் தடித்த உருப்படிக்கு ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் மயிரிழையாக ஒன்று விழுந்தால், சூடு இருக்கும்போதே கையுறை போட்டு இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கி, ஆறும்வரை பிடியுங்கள். பல நேரம் மூடிக்கொள்ளும். பெரிய பிளவென்றால் அதே நிற க்ளேயில் லிக்விட் க்ளே (திரவமாக வரும் பாலிமர் க்ளே) கலந்து குழைத்து, பல்குச்சியால் உள்ளே திணித்து, மறுபடி 20 நிமிடம் பேக் செய்யுங்கள். ஆறியதும் 400, பிறகு 800 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தழும்பு தெரியாது.